கதுவாயா, மறைவா?

கோவையிலிருந்து:
வணக்கம். திங்களன்று பாடம், இரண்டு தமிழ்ச் சொற்கள் வேண்டும். செயற்கைக்கோள் ரேடார் சாய்வாகப் பார்க்கிறது. வெள்ளியங்கிரிச் சரிவு போலச் செங்குத்தாக இருந்தால் முகட்டின் எதிரொலி அடிவாரத்தினுடையதை முந்திக்கொண்டு வந்துவிடும். படத்தில் மலை ரேடார் பக்கம் கவிழ்ந்து கிடக்கும். அடிவாரத்து மின்கோபுரம் அந்த வெளுப்பில் கரைந்துபோகும். இது ஒன்று. மலைக்கு அந்தப்புறம் அலையே படாத கறுப்பு மற்றொன்று. ‘நிழல்’ என்றால் மாணவர்கள் சூரியனைத் தேடுகிறார்கள். இதுவோ நள்ளிரவிலும் படம் எடுக்கும்.

ஈரோட்டிலிருந்து:
முதலில் ‘ரேடார்’ என்று எழுதுவதை விடுங்கள். ‘கதுவீ’ இருக்கிறது, கதுவுதல் என்றால் பற்றுதல். கறுப்புக்கும் சொல் அருகிலேயே கிடக்கிறது: கதுவாய். செய்யுளில் நான்கு சீர் கொண்ட அளவடியில், இரண்டாம் சீரில் மட்டும் மோனை, எதுகை போன்ற தொடை விட்டுப்போனால் மேற்கதுவாய், மூன்றாம் சீரில் என்றால் கீழ்க்கதுவாய். எதிரொலி விட்டுப்போன இடத்துக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

தாராபுரத்திலிருந்து:
அழகுதான் ஐயா. ஆனால் பாலிடெக்னிக் பையனுக்கு யாப்பு நடத்திவிட்டா ரேடார் நடத்துவது? நாங்கள் மழை மறைவுப் பகுதியில் குடியிருப்பவர்கள். மலை மழையைத் தடுத்தால் மழை மறைவு. அலையைத் தடுத்தால் அலைமறைவு. விளக்கவே வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து:
அம்மணி, ‘மறைவு’ நாளிதழில் எந்தப் பக்கத்தில் வருகிறது? ‘இலக்கின் மறைவு’ என்று தலைப்பிட்டால் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து:
முதல் சொல்லை மறந்துவிட்டீர்கள். சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளின் வழக்கமான படங்களில் அலை செங்குத்துக்கோட்டிலிருந்து சுமார் 29 முதல் 46 பாகை சாய்ந்து இறங்குகிறது. ரேடாரைப் பார்த்திருக்கும் சரிவு அந்தக் கோணத்தைத் தாண்டினாலே கவிழ்ந்துவிடும். 29 பாகைப் பக்கம் கறுப்பு விழ, பின்சரிவு 61 பாகையைத் தாண்ட வேண்டும். அப்படி மலை எத்தனை இருக்கிறது? என் ஓட்டு ‘கவிழ்முகடு’. வினைத்தொகை, முக்காலமும் தாங்கும்.

தாராபுரத்திலிருந்து:
மேட்டுப்பாளையத்துக்காரரே இப்படிச் சொல்லலாமா? மழைக்காலத்தில் ‘கவிழ்முகடு’ என்றால் ஊட்டிச் சாலையை மூடிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். மலை கவிழவில்லை, எதிரொலி முந்துகிறது. ‘முகடு முந்தல்’ என்றால் காரணமும் உள்ளேயே இருக்கிறது.

கோவையிலிருந்து:
ஞாயிறு இரவு ஆகிவிட்டது. கரும்பலகையில் ‘முகடு முந்தல்’, ‘அலைமறைவு’ என்றே எழுதப்போகிறேன். ‘ரேடார்’ ரேடாராகவே இருக்கும். ஈரோட்டு ஐயா பொறுத்தருள வேண்டும்.

ஈரோட்டிலிருந்து:
பொறுத்தேன். அடிக்குறிப்பிலாவது கதுவாயைப் போடுங்கள். மேற்கதுவாய் மேற்குச் சரிவுக்கும் பொருந்துகிறதே, அதை யாரும் கவனிக்கவில்லை.