கொதிக்கவைத்தால் போதுமா?

வெண்ணாற்றங்கரை:
"நர்சிங் மாணவிகளுக்குக் குழந்தைகளின் சுற்றுச்சூழல் நலம் என்று தனிப் பாடம் எதற்கு? தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னால் போதும்" என்று நேற்று எழுதியிருக்கிறார் குடந்தைக்காரர். இருபது ஆண்டுகளாக அந்த மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் கிணற்று நீரில் இறங்கும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

குடந்தைக்காரன்:
எங்கள் பாட்டி கொதிக்கவைத்த நீரில்தான் ஒன்பது பிள்ளைகளை வளர்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பி.எஸ்சி. நர்சிங்கின் 2021 பாடத்திட்டத்தில் ஐந்தாம் பருவத்திலேயே சுற்றுச்சூழல் அறிவியல் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?

வெண்ணாற்றங்கரை:
உங்கள் பாட்டி காலத்து வயலில் எத்தனை மூட்டை யூரியா விழுந்தது? கைக்குழந்தையின் குடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறினால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். உதடும் நகமும் நீலம் பாயும். ஆக்சிஜன் வைத்தாலும் நிறம் திரும்பாது. கிணற்று நீரில் பால் கரைத்துக் குடித்த குழந்தைகளுக்கு இப்படி ஆனதை அமெரிக்காவின் அயோவாவில் 1945இலேயே பதிவு செய்துவிட்டார்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு அளவு. பால்பவுடர் கரைக்கும் தாயிடம் என் மாணவி கேட்க வேண்டியது இதுதான்: எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் வயலா, கழிப்பறைக் குழியா?

கடைமடை விவசாயி:
யூரியா என்றால் உடனே எங்கள் மீது பழியா? மேட்டூர் திறந்தும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டாததைக் கேட்க ஆளில்லை. செப்டிக் டேங்க் கழிவு ஊருக்குள் இறங்குவதையும் கேளுங்கள், டீச்சர்.

வெண்ணாற்றங்கரை:
குழியையும் சேர்த்துத்தான் சொன்னேன், ஐயா. உங்களைக் குறை சொல்லவில்லை. மருந்து தெளித்த சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள் என்று உங்கள் வீட்டு வாசலில் வந்து சொல்லப்போகிறவளும் என் மாணவிதான்.

குடந்தைக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். கொதிக்கவைப்பது நல்லதா, கெட்டதா?

வெண்ணாற்றங்கரை:
கிருமிக்கு எதிராக நல்லது. நைட்ரேட்டுக்குப் பயனில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீரே வேண்டாம்.

முத்துப்பேட்டை அம்மா:
முன்பு இங்கே நடந்த குளோரின் விவாதத்திலும் குடந்தைக்காரர் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று என்னைப் படிக்காதவள் என்றார். நான் மறக்கவில்லை.

குடந்தைக்காரன்:
அப்படிச் சொல்லவே இல்லை. நீங்கள்தான் முதலில் என் ஊரை இழுத்தீர்கள்.

முத்துப்பேட்டை அம்மா:
சொன்னீர்கள். பத்துப் பேர் படித்தார்கள்.

குடந்தைக்காரன்:
யார் என்ன சொன்னாலும், என் பேரனுக்குக் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் பால் கரைக்கிறோம். இனியும் அப்படித்தான்.

வெண்ணாற்றங்கரை:
பேரனுக்கு எத்தனை மாதம்? அது எந்தக் கிணற்றுத் தண்ணீர்?