எம்5 மேக் மினி: காத்திருக்கலாமா?

ஹட்டன்காரன்: ஆப்பிளின் எம்5 சிப் 2025 அக்டோபரிலேயே மேக்புக் ப்ரோ மடிக்கணினியில் வந்துவிட்டது, அடுத்து மேக் மினி என்ற சின்ன மேசைக் கணினிக்கும் அதுதான் வரும் என்று நினைக்கிறேன். எம்4 மினி 599 டொலருக்கு 16 ஜிபி ரேமோடு தொடங்கியது. அதே விலையில் விடுவார்களா?

பண்டாரவளை வாசி: தம்பி, டொலர் விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. 18 சதவீத வற், கடைக்காரர் லாபம் எல்லாம் ஏறித்தான் இங்கே இலங்கையில் கைக்கு வரும். எனக்கென்னவோ 256 ஜிபி சேமிப்பிடத்தைத் தூக்கிவிட்டு 512இல் தொடங்கி விலையைக் கூட்டுவார்கள் என்றுதான் படுகிறது.

நானுஓயா மழை: ரேமைப் பிறகு கூட்ட முடியாது அண்ணே, வாங்கும்போதே யோசிங்க. அப்புறம் மழைக்காலத்தில் நம்ம பக்கம் கரண்ட் போய்ப் போய் வருமே, யூபிஎஸ்ஸுக்கும் காசு ஒதுக்குங்க.

ஹட்டன்காரன்: சரி, சித்திரை வருசம் வரை பார்க்கிறேன். பழைய பென்டியம் அதுவரை இழுக்கும்.