புது டிவி நாம் பார்ப்பதைக் கவனிக்குமா? எதையெல்லாம் அணைக்கணும்?

கரிசக்காட்டான்:
ஊரில் அப்பா அம்மாவுக்கு 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கினோம். மாட்ட வந்த பையன் ஆன் செய்ததும் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வந்த நிபந்தனைகளுக்கு ரிமோட்டில் ஓகே, ஓகே என்று தட்டிக்கொண்டே போனான், என் கூகுள் கணக்கையும் போடச் சொன்னான், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். எதுக்கெல்லாம் ஓகே கொடுத்தே என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதுதான் சார், இல்லேன்னா டிவியே ஓடாது" என்றான். அப்புறம் செட்டிங்ஸைக் குடைந்தபோது, விளம்பரத்தை உங்களுக்கு ஏற்ப மாற்ற என்று ஏதோ ஒன்று ஆனில் இருந்தது.

அப்பா யூடியூபில் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கிறார், அதனால் என் போனில் வெந்தயத் தண்ணீர் வீடியோவாக வந்து விழுகிறது. கணக்கு ஒன்றுதான் என்பதால் அது புரிகிறது. ஆனால் வீட்டில் பெரும்பாலும் ஓடுவது கேபிள் செட்டாப் பாக்ஸ். அதில் பார்ப்பதும் டிவி கம்பெனிக்குத் தெரியுமா? ரிமோட்டில் மைக் வேறு இருக்கிறது. அம்மாவோ "நான் சீரியல் பாக்குறது எவனுக்குத் தெரிஞ்சா என்னடா" என்கிறார்.

பிக்சல் பாண்டி:
தெரிய வாய்ப்பு இருக்கிறது. ஏசிஆர் என்று ஒன்று உண்டு, ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன். திரையில் ஓடும் படத்தையோ சத்தத்தையோ அடிக்கடி துளித்துளியாக எடுத்து, அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு குறியீடு செய்து சர்வருக்கு அனுப்பும். அங்கே ஏற்கெனவே இருக்கும் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு, இன்ன சேனல், இன்ன எபிசோட் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். திரையில் என்ன தெரிகிறதோ அதுதான் கணக்கு, அது கேபிள் பெட்டியிலிருந்து வருகிறதா, ஹெச்டிஎம்ஐயில் மாட்டிய லேப்டாப்பிலிருந்து வருகிறதா என்று டிவி பார்ப்பதில்லை.

2024-ல் லண்டன், கலிஃபோர்னியா, ஸ்பெயின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து சாம்சங், எல்ஜி டிவிகளை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வைத்து நெட்வொர்க்கை அளந்தார்கள். எல்ஜி 15 விநாடிக்கு ஒருமுறை, சாம்சங் நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பியது, வெறும் மானிட்டராகப் பயன்படுத்தியபோதும். டிவிக்குள்ளேயே நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் ஆப்பில் பார்த்தபோது இது நடக்கவில்லை (அந்த ஆப்காரர்களுக்கு நேராகவே தெரியும், அது வேறு கதை). உங்களுக்கு வேண்டிய சேதி என்னவென்றால், செட்டிங்ஸில் அணைத்த பிறகு அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. அணைத்தால் அணைகிறது.

டீக்கடை பெஞ்ச்:
அம்மா சொல்றதுதான் சரி. சீரியல் பார்ப்பது என்ன ராணுவ ரகசியமா? பத்து வருஷம் முன்னாடி இதே சைஸ் டிவி என்ன விலை, இப்போ என்ன விலை? அவன் ரெண்டு விளம்பரம் காட்டிட்டுப் போறான், விடுங்க.

தெக்கத்தி அக்கா:
பெஞ்ச் தம்பி, விலை ஏன் குறைந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பேனல் விலை இறங்கியது ஒரு காரணம், ஆனால் முழுக்க அது இல்லை. அமெரிக்காவில் விசியோ என்ற டிவி கம்பெனிக்கு 2021-ல் ஒரு காலாண்டில் டிவி விற்ற லாபத்தைவிட விளம்பரமும் தகவலும் தந்த மொத்த லாபம் இரண்டு மடங்குக்கு மேல். அதே கம்பெனிதான் 1.1 கோடி டிவிகளில் பார்ப்பதைச் சொல்லாமல் கொள்ளாமல் இப்படிக் கவனித்ததற்காக 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தது. அதில் எனக்கு உறுத்துவது நிகழ்ச்சிப் பட்டியல் இல்லை. அந்த வீட்டில் இருப்பவரின் வயது, ஆணா பெண்ணா, வருமானம் எவ்வளவு என்பதையெல்லாம் வேறு இடத்தில் வாங்கி அதோடு ஒட்டி விற்றார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது.

சீரியல் மட்டும் தெரிந்தால் ஒன்றும் இல்லைதான். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள், பகல் முழுக்க டிவி ஓடுகிறது, சர்க்கரை பற்றித் தேடுகிறார்கள் என்று மூன்றையும் கோத்தால், அந்த வீட்டுக்கு எந்தப் போலி மருந்து விளம்பரத்தைத் தள்ளலாம் என்று ஒருவனுக்குத் தெரிந்துவிடும். வெந்தயத் தண்ணீர் வரைக்கும் பரவாயில்லை!

பிக்சல் பாண்டி:
அணைக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெயரும் சுற்றிவளைத்துத்தான் இருக்கும். சாம்சங்கில் பிரைவசி பகுதிக்குள் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்'. சோனியின் சில மாடல்களில் 'சாம்பா' என்று தனியாக இருக்கும். கூகுள் டிவி (கூகுள் சாஃப்ட்வேரில் ஓடுவது) என்றால் பிரைவசிக்குள் ஆட்ஸ் பகுதியில் விளம்பர ஐடியையும், அதாவது விளம்பரக்காரர்கள் உங்கள் டிவியை அடையாளம் வைத்துக்கொள்ளும் எண்ணையும், அழித்துவிடுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் ஆனதும் புது நிபந்தனை ஒன்று வந்து நிற்கும், அப்பாவிடம் அதற்கு ஓகே கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

மைக் பற்றி: ரிமோட்டில் இருப்பது பொதுவாக பட்டனை அழுத்தினால்தான் கேட்கும். டிவி உடம்பிலேயே மைக் இருக்கும் மாடல்களும் உண்டு, அவற்றில் கீழ்விளிம்பில் குட்டியாக ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கரிசக்காட்டான்:
நன்றி பாண்டி. வீடியோ காலில் அப்பாவை ரிமோட்டோடு உட்காரவைத்து அணைத்தாயிற்று, டிவி ஜோராக ஓடுகிறது, "ஓடாது" என்றவன் எங்கே போனானோ. யூடியூபுக்கு அப்பா பேரிலேயே தனிக் கணக்கு போட்டுவிட்டேன். நம்ம ஊரில் இதற்குச் சட்டம் ஒன்றும் இல்லையா?

தெக்கத்தி அக்கா:
இருக்கிறது, அமலுக்குத்தான் மெதுவாக வருகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகள் ஒப்புதல் வாங்கும் முறையை மாற்ற அதிலிருந்து 18 மாத அவகாசம். எதற்காகத் தகவல் எடுக்கிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி தரவேண்டும், ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதே அளவுக்குத் திரும்பப் பெறுவதும் சுலபமாக இருக்கவேண்டும் என்கிறது சட்டம். மெனுவுக்குள் மெனுவாக ஆறு தட்டுத் தட்டி அணைப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ.

டீக்கடை பெஞ்ச்:
சரி, அக்கா சொன்னதுக்காக என் வீட்டு டிவியிலும் தேடினேன், ஆனில்தான் இருந்தது. அணைத்துவிட்டேன், விலை மட்டும் இன்னும் இறங்கினால் போதும்.
கரிசக்காட்டான், பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தீர்களா? அதுவும் ஸ்மார்ட் டிவி என்றால் ஃபேக்டரி ரீசெட் போட்டுத்தானே கொடுத்தீர்கள்? இல்லாவிட்டால் போனில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் சாதனங்கள் பட்டியலில் அந்த டிவி இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றிவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாவற்றிலும் தனித்தனியாகச் செய்யணும்.