டைமருக்குக் கன்னலா, கெடுவா?

திங்கட்கிழமை லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல் பற்றி வகுப்பு. (கெர்னலுக்குச் சொல் தேடிப் போன வருடம் அடித்துக்கொண்டோம், அதைத் திறக்க வேண்டாம்.) 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில் டைமர் நிரலை எளிதாக்கியதுதான் பாடம். முன்பெல்லாம் நேரம் வந்ததும் அழைக்கப்படும் செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) வெறும் முழுஎண் ஒன்று போகும். அதைச் சாதனத்தின் முகவரியாக நாமே வகைமாற்ற வேண்டும். அந்தப் பதிப்பிலிருந்து 'டைமர்_செட்டப்' போட்டால் அந்த டைமரே கைக்கு வருகிறது. அது எந்த ஸ்ட்ரக்டுக்குள் (தரவுகளின் தொகுப்பு) உட்கார்ந்திருக்கிறதோ அதை 'ஃப்ரம்_டைமர்' எடுத்துத் தந்தது (2025இல் அதன் பெயர் மாறிவிட்டது). டைமரில் ஒரு புலமும் குறைந்தது. எல்லாம் தமிழில் எழுதியாயிற்று, 'டைமர்' மட்டும் இடிக்கிறது. அதற்கு ஒரு தமிழ்ச்சொல் சொல்லுங்கள்.
– செ.

முல்லைப்பாட்டில் 'குறுநீர்க் கன்னல்' (நீரால் பொழுதளக்கும் கருவி) இருக்க, புதுச்சொல் எதற்கு? பாசறையில் 'பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்' அதைப் பார்த்து அரசனுக்கு அறிவிக்கிறார்கள். கன்னல்தான் டைமர்; மாக்கள் உங்கள் செயற்கூறு. கன்னல் கரும்புக்கும் பெயர். கணு, கன்னல், கணுக்கணுவாகப் பகுத்த பொழுது என்பது என் துணிபு. கணு, கண், கணக்கு என்று இது இன்னும் நீளும், தனி மடலில் எழுதுகிறேன்.
– புலவர் ம.

ஐயா, அவர்கள் சொல்வது 'இனைத்து', அதாவது இவ்வளவு பொழுது ஆயிற்று. அது கடிகாரம். டைமர் 'இதற்குள் வராவிட்டால் என்னை எழுப்பு' என்பது. இணையத்தில் தரவு அனுப்பும் நெறிமுறையான டிசிபியில் பொட்டலம் அனுப்பியதும் ஒரு டைமர் வைக்கிறோம். கிடைத்தது என்று ஒப்புகை வந்ததும் டைமரைக் கலைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது கடைசிவரை ஓடுவதே இல்லை. வட்டிக்காரர் வாயில் இதற்குச் சொல் இருக்கிறது: கெடு. கெடு வைத்தேன், கெடு தள்ளினேன், கெடு தாண்டிற்று. 'மாட்_டைமர்' என்பது கெடுவை மாற்றுவதுதானே?
– இரா.

'தவணை' எண்டு ஆரும் கேக்க முந்திச் சொல்லிப்போடுறன்: எங்களுக்குத் தவணை எண்டால் பள்ளிக்கூடத் தவணை. டைமர் முடியிறதுக்குள்ள பிள்ளையளுக்குச் சோதினை வந்திடும். டைமரை டைமராகவே விடுங்கோ அண்ணை.
– யாழ். த.

தெலுங்கில் 'கடுவு' இதே பொருளில் இருக்கிறது. யார் யாரிடம் வாங்கியது?
– புலவர் ம.

தெலுங்குக்காரர் திருப்பிக் கேட்டால் பார்ப்போம் ஐயா.
– இரா.

ஞாயிறு இரவு பதினொன்றரை. கெடுவுக்கு நான்கு பேர், டைமருக்கு இரண்டு, கன்னலுக்கு ஒன்று. 'கெடு நிரலை எளிதாக்கல்' என்று தலைப்பிட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.
– செ.

'கெடு நிரல்' வினைத்தொகையாகவும் படிக்கும். கெட்ட நிரல், கெடுகின்ற நிரல், கெடும் நிரல். மூன்றில் எதை எளிதாக்கினார்கள் என்று மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?
– புலவர் ம.