ஹார்ட் டிஸ்க் ‘ஃபார்மேட் செய்யவா?’ன்னு கேக்குது: போட்டோவை மீட்க முடியுமா?

பாளை வாசி:
லேப்டாப்புல இருந்து கழட்டின 1 டிபி, 2.5 இஞ்ச் டிஸ்க். யுஎஸ்பி கேஸ்ல போட்டா சுத்துது, ஆனா விண்டோஸ் ஃபார்மேட் கேக்குது. பிள்ளைங்க காதுகுத்து, அப்பாவோட கடைசி போட்டோ எல்லாம் அதுலதான். வேற காப்பி இல்ல. விண்டோஸ்லயே இருக்கிற, டிஸ்க்கைச் சரிபாக்குற செக்டிஸ்க் ஓட்டலாமா?

குறுக்குத்துறை:
ஓட்டிராதீங்க அண்ணாச்சி. சரிபண்ணுறேன்னு செக்டிஸ்க் அந்த டிஸ்க்கு மேலயே எழுதும். போட்டோ எங்க இருக்குங்கிற குறிப்பே அழிஞ்சிரலாம்.

முதல்ல காதை வச்சுக் கேளுங்க. ‘டிக்... டிக்...’னு தட்டுச்சுன்னா ஹெட் (உள்ள சுத்துற தட்டைப் படிக்கிற முனை) போயிருக்க வாய்ப்பு அதிகம். உடனே கரண்டை நிறுத்திருங்க. ஹெட் உரசி தட்டுல பூச்சு சுரண்டிட்டா, அந்த இடத்துல இருந்த படம் யாருக்கும் கிடைக்காது.

சத்தம் சீரா இருந்தா, விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு (இலவச லினக்ஸ்) பென்டிரைவ்ல பூட் பண்ணி, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கிற டிடிரெஸ்க்யூ (ddrescue) வச்சு முழு டிஸ்க்கையும் இமேஜ், அதாவது ஒரே ஃபைலா அச்சு அசல் நகல் எடுங்க. 200 ஜிபி போட்டோதான்னாலும் இமேஜ் 1 டிபி வரும். மீட்ட படத்துக்கும் இடம் வேணும், அதனால 2 டிபி டிஸ்க் வாங்கிக்கிடுங்க. அது ஃபேட்32ங்கிற (FAT32) பழைய ஃபார்மேட்ல இருக்கக் கூடாது, 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் அதுல நிக்காது. முதல் சுற்று டிடிரெஸ்க்யூவை ‘-n’ போட்டு ஓட்டுங்க, கெட்ட இடத்தைக் கிளறாம நல்லதை அள்ளிரும். அடுத்த சுற்றுக்கு ‘-r3’, கெட்ட இடத்தை இன்னும் மூணு தடவை படிச்சுப் பாக்கும். பழசு எது, புதுசு எதுன்னு சீரியல் நம்பரைப் பாத்து ஒண்ணுக்கு ரெண்டு தடவை சரிபாருங்க. மாத்திக் குடுத்தா காலி டிஸ்க் உங்க போட்டோ மேல எழுதிரும்.

தென்காசிச் சாரல்:
டிடிரெஸ்க்யூவுக்கு மேப் ஃபைல் (எதுவரை படிச்சதுன்னு குறிச்சு வைக்கிற ஃபைல்) பேரையும் கட்டாயம் குடுங்க. நடுவுல கரண்டு போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். நம்ம ஊர் வெயிலுக்கு டிஸ்க்குக்கு நேரா ஃபேனைத் திருப்பி வைங்க.

தேடுறதெல்லாம் இமேஜ்லதான். முதல்ல டெஸ்ட்டிஸ்க்ங்கிற (TestDisk) இலவச மீட்பு சாப்ட்வேர்: ஃபோல்டர் பேரோட கிடைச்சா பாக்கியம். இல்லைன்னா அதோட கூடவே வர்ற போட்டோரெக் (PhotoRec), பேரெல்லாம் போயிரும், ஆனா கேமரா படத்துக்குள்ள எடுத்த தேதி இருக்கும், அதை வச்சு அடுக்கலாம். வாட்ஸ்அப்ல வந்த படத்துல அந்தத் தேதி இருக்காது. சில படத்துல நெத்தியும் கண்ணும் தெரியும், கீழ வெறும் சாம்பல். டிஸ்க்குல அந்தத் துண்டு (செக்டார்) படிக்க வராம இருந்திருக்கலாம்.

பாளை வாசி:
சத்தம் சீராத்தான் இருக்கு, இன்னைக்கே ஆரம்பிக்கேன். 2023 டிசம்பர் வெள்ளத்துல நனைஞ்ச டிஸ்க் இன்னொண்ணும் இருக்கு. காய்ஞ்சிருச்சு, இன்னும் கரண்டு குடுக்கல.

குறுக்குத்துறை:
குடுக்கவே வேண்டாம். பெரும்பாலான டிஸ்க்குல காத்து போக ஒரு ஓட்டை உண்டு, அது வழியா தண்ணி உள்ள போயிருக்கலாம். தண்ணி காய்ஞ்சாலும் வண்டல் தட்டுலதான் ஒட்டியிருக்கும். சுத்தவிட்டா ஹெட் அதுல மோதிரும். அரிசியில போடுறது, ஃப்ரீசர்ல வைக்கிறது ரெண்டும் வேண்டாம். வெளிய இருக்கிற சர்க்யூட் போர்டு மட்டும் மாத்தினா போதும்னு யாரும் சொன்னாலும் நம்பாதீங்க, தட்டுல இருக்கிற சேறு அதனால போகாது. தூசி இல்லாத அறையில தட்டைச் சுத்தம் பண்ணுற லேபுக்குத்தான் அனுப்பணும். கடை மேசையில மூடியைத் திறக்கேன்னு சொன்னா டிஸ்க்கைத் திரும்ப வாங்கிட்டு வந்துருங்க.