பெப்சிக்குக் கடற்படையாம், அதுவும் 6-வது இடமாம்!

சிவப்புப்பேனா:
"பெப்சி பானம் விற்றே உலகின் 6-வது பெரிய கடற்படையை வைத்திருந்தது, பண்டமாற்றின் மகிமையைப் பாரீர்" என்று கப்பல்காரன் நேற்று எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. ஐயா, 1989-இல் சோவியத் தள்ளிவிட்டது 17 பழைய நீர்மூழ்கிகளும் மூன்று போர்க்கப்பல்களும். எல்லாமே உடைத்து இரும்பாக விற்பதற்கு. காயலான் கடைச் சரக்கெல்லாம் கடற்படையா?

கப்பல்காரன்:
17 என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. அன்றைக்கு எத்தனை நாடுகளிடம் 17 நீர்மூழ்கிகள் இருந்தன? எண்ணிவிட்டு வாருங்கள்.

சிவப்புப்பேனா:
பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய 17 சைக்கிளை வைத்துப் பந்தயம் நடத்துவீர்களா?

சரக்கறை:
கொஞ்சம் பொறுங்கள். பெப்சி ஏன் கப்பலை வாங்கியது என்று யாருமே கேட்கவில்லையே. அன்றைய சோவியத் நாணயமான ரூபிளை வெளிநாட்டில் மாற்ற முடியாதிருந்தது. அதனால்தான் 1972 ஒப்பந்தப்படி பெப்சிச் சாறு அங்கே போனது, ஸ்டோலிச்னயா வோட்காவை அமெரிக்காவில் விற்கும் உரிமை பெப்சிக்கு வந்தது. எதிர்வணிகத்தில், அதாவது விற்ற சரக்குக்கு ஈடாகச் சரக்கையே வாங்கிக்கொள்ளும் வியாபாரத்தில், இது ஒரு வகை. ஆலை கட்டிக் கொடுத்து, அதில் விளையும் பொருளையே கூலியாக எடுப்பது இன்னொரு வகை. பண்டமாற்று என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு...

கப்பல்காரன்:
வகுப்பு எடுக்காதீர்கள். 17 இருந்ததா, இல்லையா?

சிவப்புப்பேனா:
இருந்தது. ஓடியதா? ஒன்றிலாவது பெப்சி மாலுமி ஏறினானா?

பழங்கணக்கு:
பேனா சாருக்கு இதே பொழப்பு. சவூதி எண்ணெய்க்கு பிரிட்டன் டொர்னாடோ போர் விமானம் கொடுத்ததே, 1985-இன் அல்-யமாமா ஒப்பந்தம், அந்தத் திரியிலும் "இது பண்டமாற்றே இல்லை" என்று நாற்பது பதில் போட்டவர்.

சிவப்புப்பேனா:
இல்லைதான். எண்ணெயை விற்ற பணம் ஒரு கணக்கில் விழுந்தது, விமானத்துக்கான பணம் அதிலிருந்து போனது. அன்றைக்குப் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள். இன்றைக்கு வந்து குத்திக்காட்டுகிறீர்கள்.

பழங்கணக்கு:
ஓடவில்லை. தூங்கப் போனேன்.

சரக்கறை:
நான் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தபோது இயந்திரத்துக்கு ஈடாகத் தக்காளி விழுது வந்தது. பாதிப் பீப்பாய்களில் மூடி உப்பிக்கொண்டிருந்தது. எங்களுக்கு விழுது விற்கத் தெரியுமா? தரகர் வந்தார், பீப்பாயைத் தட்டிப் பார்த்தார், பெரிய விலைக் கழிவு கேட்டார். அந்தக் கழிவை முன்பே இயந்திர விலையில் ஏற்றி வைத்திருந்ததால் பிழைத்தோம். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அங்கேதான்...

கப்பல்காரன்:
தக்காளி விழுது கடற்படை ஆகாது.

சிவப்புப்பேனா:
முதல்முறையாக ஒரு உண்மை எழுதியிருக்கிறீர்கள். துருப்பிடித்த இரும்பும் ஆகாது. இன்னொன்றும் கேளுங்கள். 1990-இல் 300 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்களே, அதில் பேசியவை சரக்குக் கப்பல்கள். அடுத்த ஆண்டே சோவியத் சிதறியது, ஒப்பந்தம் அந்தரத்தில் தொங்கியது. இதையும் கடற்படைக் கணக்கில் சேர்ப்பீர்களோ?

கப்பல்காரன்:
சேர்த்தால் 5-வது இடம்.

சிவப்புப்பேனா:
மாலுமி எங்கே? பீரங்கிக்குக் குண்டு எங்கே? கேட்டதற்குப் பதில் வரட்டும்.

கப்பல்காரன்:
17.