ஞாயிறு மாலை 5 மணிக்கு மூணாவது ஆராதனை: வேணுமா, வேண்டாமா?

வெஸ்ட்ரி தம்பி
நியூஜெர்சியில நாங்க போறது ஒரு எபிஸ்கோபல் கோயில், அதாவது ஆங்கிலிக்கன் சபையோட அமெரிக்கக் கிளை. சி.எஸ்.ஐ.யில வளர்ந்த நம்ம ஆட்கள் ஏழெட்டுக் குடும்பம் உண்டு. ஞாயிறு ரெண்டு ஆராதனை: காலை 8க்கு பாட்டே இல்லாத ரைட் ஒன் (பழைய ஆங்கில நடை ஒழுங்கு), 10க்கு ஆர்கன், பாடகர் குழுவோட ரைட் டூ (இக்கால ஆங்கிலம்). முதலாவதுக்கு பதினாலு பேர், அடுத்ததுக்கு எண்பது பக்கம். செப்டம்பர்ல இருந்து மாலை 5க்கு மூணாவதா ஒரு நற்கருணை ஆராதனை (அப்பமும் திராட்சரசமும் வாங்கற ஆராதனை) வைக்கலாமான்னு எங்க குருவானவர் ரெக்டரம்மா கேட்டிருக்காங்க. செவ்வாய்க்கிழமை வெஸ்ட்ரி, அதாவது கோயில் நிர்வாகக் கமிட்டி கூட்டம். நான் கமிட்டிக்குப் புதுசு. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி இங்க கேட்டுக்கறேன்.

பழைய எட்டு மணி
தம்பி, வேண்டாம். கோயிலில் எத்தனை பேர் உட்காரலாம்?

வெஸ்ட்ரி தம்பி
இருநூறு பேர் தாராளமா உட்காரலாம் ஐயா.

பழைய எட்டு மணி
அப்படியானால் இடப் பற்றாக்குறை இல்லை. பாதிக் குடம் தண்ணீரை மூன்று செம்பில் ஊற்றி வைத்துவிட்டு, தண்ணீர் பெருகிவிட்டது என்று சொல்வதா? 2023 கணக்குப்படி எபிஸ்கோபல் சபை முழுவதற்கும் சராசரி ஞாயிறு வருகை நான்கு லட்சத்துச் சொச்சம்தான். கோவிட்டுக்கு முன் ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தது. இருக்கிறவர்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கப் பாருங்கள்.

நைட் டியூட்டி
ஐயா, இங்க பிரச்சினை நாற்காலி இல்ல, கடிகாரம். நான் நர்ஸ். சனி ராத்திரி 7க்கு ஏறினா, ஞாயிறு காலை ஏழரைக்கு அடுத்தவங்ககிட்ட ரிப்போர்ட் சொல்லிட்டுத்தான் இறங்குவேன். யூனிஃபார்மோட நேரா 8 மணி ஆராதனைக்குப் போய்ப் பார்த்தேன். போன லெந்துல (தவக்காலத்துல) ஒருநாள் முழங்கால் போட்ட வாக்கிலேயே தூங்கிட்டேன். பக்கத்துப் பாட்டி தோளைத் தட்டினப்ப எல்லாரும் அப்பம் வாங்கிட்டு இடத்துக்குத் திரும்பிட்டிருந்தாங்க. 5 மணின்னா தூங்கி எழுந்து, குளிச்சிட்டு மனுஷியா வருவேன். ஞாயிறு காலை பிள்ளைங்க சாக்கர் மேட்ச்சுக்கு ஓடற குடும்பங்களுக்கும் அதே கதைதான்.

(தம்பி, நீ யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நானும் அதே கோயில்தான்.)

பழைய எட்டு மணி
அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் எங்கள் வர்ஜீனியா கோயிலில் நடந்ததையும் கேளுங்கள். மாலை ஐந்தரைக்கு ஒன்று தொடங்கினார்கள். கிடார், சோபா, ஆராதனை முடிந்ததும் பீட்சா. முதல் மாதம் நாற்பது பேர். அதில் முப்பது பேர் 10 மணிக்காரர்கள், புதுமை பார்க்க வந்தவர்கள். ஒரே குருவானவர் மூன்று ஆராதனையும் நடத்தி ஓய்ந்துபோனார். அவர் சுமையைக் குறைக்க 8ஐயும் 10ஐயும் சேர்த்து 9 மணி ஆக்கினார்கள். அடுத்த வருடம் மாலை ஆராதனை செத்தது. எங்கள் 8 மணி திரும்பி வரவில்லை.

எனக்கு அந்த ரைட் ஒன் வெறும் பழைய ஆங்கிலம் இல்லை. ஊரில் அப்பா கையிலிருந்த பழைய ஜெபபுத்தகத் தமிழின் நடை அதில் எனக்குக் கேட்கும். பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு மூலை, யாரும் யாரையும் தொந்தரவு செய்யாத ஒரு மௌனம். அது போய்விட்டது.

நைட் டியூட்டி
அப்ப உங்க சண்டை 5 மணியோட இல்ல ஐயா, 8ஐ மூடினவங்களோட.

பழைய எட்டு மணி
ஆமாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும் என்பதும் உண்மை.

சியாட்டில்வாசி
எல்லாரும் நற்கருணையிலேயே ஏன் நிக்கறீங்க? இங்க செயின்ட் மார்க்ஸ் கதீட்ரல்ல ஞாயிறு ராத்திரி 9.30க்கு கம்ப்ளின், அதாவது ராத்தூக்கத்துக்கு முன்னால சொல்ற ஜெபத்தைப் பாட்டா பாடுவாங்க. 1956ல இருந்து நடக்குது, ரேடியோவிலயும் வருது. பிரசங்கம் கிடையாது. காலேஜ் பசங்க தரையில படுத்துக்கிட்டே கேப்பாங்க. சபையே இல்லாத ஆளுங்க எவ்வளவோ பேர் வர்றாங்க. மாலை ஜெபமோ கம்ப்ளினோ நடத்த குருவானவரே வேண்டாம், சபையார்ல ஒருத்தர் நடத்தலாம். ரெக்டருக்கும் ஓய்வு.

நைட் டியூட்டி
தம்பி, கதீட்ரல் பாடகர் குழு உங்ககிட்ட இருக்கு. எங்க குழுவுல டெனர் ஒரே ஒருத்தர், அவரும் குளிர்காலத்துல ஃப்ளோரிடா போயிடுவார். அதோட நான் காலையில இழக்கறது நற்கருணையைத்தான். நம்ம எபிஸ்கோபல் சபையோட 1979 ஜெபபுத்தகமே ஞாயிறோட பிரதான ஆராதனை நற்கருணைதான்னு சொல்லுது. எனக்கு மட்டும் ஜெபம் போதுமா?

நாசரேத் பொண்ணு
நான் பென்சில்வேனியா, பதினோரு வருசமா ஆல்டர் கில்டு, பலிபீட வேலை பாக்குற குழு. மணியும் பாட்டும் பேசுதீக, வேலையைப் பத்தி ஒருத்தரும் பேசலியே. ஒரு நற்கருணைக்கு என்னென்ன தெரியுமா? ஒரு மணி நேரம் முன்னாடி போயி அப்பம் எண்ணி வைக்கணும், திராட்சரசம் ஊத்தணும், கிண்ணத்தைத் துடைக்கணும். முடிஞ்ச பிறகுதான் பெரிய வேலை. பிரதிஷ்டை பண்ணின ரசம் மிஞ்சுனா சும்மா கொட்ட முடியாது, குடிச்சு முடிக்கணும். கிண்ணம் துடைச்ச வெள்ளைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோயி, முதல் அலசுத் தண்ணிய சாக்கடையில விடாம மண்ணுல ஊத்தணும். லிப்ஸ்டிக் கறை இருக்கே, அது ஒரு பாடு! அப்புறம் ஈரமா இருக்கும்போதே இஸ்திரி போட்டு மூணா மடிச்சு, திரும்ப மூணா மடிக்கணும். ரெண்டு ஆராதனைக்கே எங்க கில்டுல ஆறு பேரு, அதுல நாலு பேருக்கு எழுபது தாண்டியாச்சு. மூணாவது வச்சா அதே ஆறு பேரு தலையிலதான் விடியும்.

ஊர்ல கோயில்பிள்ளைன்னு சம்பளத்துக்கு ஒரு ஆள் இருப்பாரு. அதனால நம்மாளுகளுக்கு இந்த வேலை கண்ணுலயே படாது.

வெஸ்ட்ரி தம்பி
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்ல. இன்னொண்ணு கேக்கறேன்: நாங்க ஓட்டு போட்டு இதை நிறுத்த முடியுமா?

பழைய எட்டு மணி
முடியாது. ஆராதனை நடத்துவது சபைச் சட்டப்படி ரெக்டரின் பொறுப்பு. பணமும் கட்டடமும் வெஸ்ட்ரியின் பொறுப்பு. அவர் தொடங்கலாம், ஆர்கனிஸ்டுக்குக் கூடுதல் சம்பளம் நீங்கள் ஒதுக்காமல் இருக்கலாம். அப்படி ஒரு யுத்தத்தை மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

சியாட்டில்வாசி
ஆர்கனே வேண்டாம். ஜெபபுத்தகம் 400ஆம் பக்கத்துல எளிமையான நற்கருணை ஒழுங்கு ஒண்ணு இருக்கு. பிரதான ஞாயிறு ஆராதனைக்கு அது கூடாதுன்னு அங்கயே போட்டிருக்கு. உங்களுக்கு 10 மணிதான் பிரதானம், 5 மணிக்கு அது பொருந்தும்னு நினைக்கறேன்.

பழைய எட்டு மணி
பொருந்தும். மேசையைச் சுற்றி நின்றுகொண்டு இருபது பேருக்கு, நன்றாகவே இருக்கும். தம்பி, கூட்டத்தில் இரண்டு விஷயம் மட்டும் எழுத்தில் கேளுங்கள். 5 மணிக்காக 8 மணியைத் தொடக்கூடாது. ரெக்டரம்மாவுக்கு மாதம் ஒரு ஞாயிறாவது மாலையில் வேறு குருவானவர் வரவேண்டும், அதற்குப் பணம் ஒதுக்கவேண்டும். இவை இல்லாமல் தொடங்கினால் எங்கள் கதைதான்.

நாசரேத் பொண்ணு
மூணாவதையும் எழுது. சாயங்காலத் துணியை ஆரு துவைக்கப் போறது, பேரோட.

நைட் டியூட்டி
என் பேரைப் போடு தம்பி. மாசம் ரெண்டு ஞாயிறு. லிப்ஸ்டிக் கறைக்கு என்ன போடணும்னு அக்கா சொல்லித் தரட்டும்.

வெஸ்ட்ரி தம்பி
போட்டாச்சுக்கா. செவ்வாய்க்குள்ள இன்னும் மூணு பேர் வேணும்.